கடற்கரை வரைபடம் மலை ஏரிக்கரைக்கு ஒத்துவருமா? நடை–சைக்கிள் பாதை வடிவமைப்பு விவாதம்

ஏரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மேல் பழனிமலையில் ஓர் ஏரிக்கரையை ஒட்டி 1.4 கி.மீ. நீளத்துக்கு நடப்பவர்களும் சைக்கிளும் சேர்ந்து போகிற மாதிரி தளம் போட்ட பாதை வேண்டும். கையில் இருப்பது ஒரு கடற்கரை நகரத்துக்குப் போட்ட வரைபடம். அதையே இங்கேயும் போடலாம் என்கிறார்கள்.

வரைபடத்தில் உள்ளது: அகலம் 3 மீட்டர், 60 மி.மீ. பேவர் பிளாக், கீழே 30 மி.மீ. மணல், 150 மி.மீ. வெட் மிக்ஸ் (ஈரம் சேர்த்துக் கலந்த ஜல்லி அடுக்கு), கடல் பக்கம் 2 சதவீதக் குறுக்குச் சாய்வு, 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் கைப்பிடி, கான்கிரீட் எம்35 (வலுவின் தரக் குறியீடு), கம்பிக்கு 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்).

இடத்தின் நிலைமை: முதல் 600 மீட்டர் ஏரி ஓரம், சமதளம், கறுப்பு வண்டல். அடுத்த 500 மீட்டரில் கடைவீதி வரை 34 மீட்டர் ஏற்றம், செம்மண் சரிவு. கடைசி 300 மீட்டர் பைன், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே. சக்கர நாற்காலியும் போக வேண்டும் என்று கோரிக்கை இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்?

வடிகால்:
தம்பி, அகலத்தை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எம்35, 50 மி.மீ. கவர், 316 ஸ்டெயின்லெஸ் எல்லாமே உப்புக்காற்றுக்கான விடை. கடல்நீர்த் தெறிப்பு படுகிற கான்கிரீட்டை ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) 'மிகக் கடுமை' வகையில் வைக்கிறது. எம்35-ம் 50-ம் அங்கிருந்து வந்தவை. மலையில் குளோரைடு தொல்லை இல்லை. ஆனால் கனமழையும், மாறி மாறி நனைந்து காய்வதும், எப்போதாவது உறைபனியும் உண்டு. ஆகவே ஒரு படி கீழே 'கடுமை' வகை பொருந்தும், அதற்கு எம்30, 45 மி.மீ. கவர். கைப்பிடிக்குச் சூட்டுத் துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் குழாய் தாராளம். வெல்டிங்கையும் துளையையும் முடித்துவிட்டுப் பூச்சுக்கு அனுப்ப வேண்டும், பூசின பிறகு தளத்தில் வெல்டு வைத்தால் அந்த இடத்தில்தான் முதலில் துரு ஏறும். இதில் மிச்சமாகும் பணம் முழுவதையும் வடிகாலில் போடுங்கள். கடற்கரை வரைபடத்தில் வடிகால் என்று ஒரு கோடு கூட இருக்காது, மணல் குடித்துக்கொள்ளும் என்பது அங்கே கணக்கு. உங்கள் செம்மண் குடிக்காது. மேலேயிருந்து வருகிற தண்ணீர் வேறு இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. அந்த 500 மீட்டர் ஏற்றத்துக்கு மேலே எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் இறங்குகிறது? அளந்தீர்களா?

ஏரிக்கரை:
சரிவில் தண்ணீர் இறங்கும் மூன்று மடிப்புகள் இருக்கின்றன சார். ஒவ்வொன்றுக்கும் மேலே ஏறத்தாழ அரை ஹெக்டேர். வீடுகளும் கொஞ்சம் காய்கறித் தோட்டமும்.

வடிகால்:
அப்படியானால் ஒரு மடிப்புக்குக் கணக்கு இப்படி. வழிவுக் குணகம் (பெய்த மழையில் வழிந்து ஓடும் பங்கு) 0.6, மழைத் தீவிரம் மணிக்கு 100 மி.மீ., பரப்பு 0.5 ஹெக்டேர். மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.083 கன மீட்டர், அதாவது 83 லிட்டர்.

300 மி.மீ. குழாய் 2 சதவீதச் சரிவில் நிரம்பி ஓடினால் 135 லிட்டர் அளவுக்குப் போகும். கணக்குப்படி போதும். ஆனாலும் 300 போடாதீர்கள். தோட்டத்து மண்ணும் பைன் ஊசியும் பாலிதீனும் சேர்ந்து வாயை அடைத்தால் உள்ளே கம்பு விட்டுக் குத்தக்கூட முடியாது. குறைந்தது 450, முடிந்தால் 600. முன்னால் ஒரு வண்டல் தொட்டி: 600-க்கு 600, குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே 300 மி.மீ. பள்ளம். அக்டோபருக்கு முன்னால் ஒருமுறை, நவம்பர் நடுவில் ஒருமுறை அள்ள வேண்டும். அள்ளுவதற்கு ஆள் நிற்க இடமில்லாத மூலையில் தொட்டியைக் கட்டிவிட்டு, பிறகு யாரும் அள்ளவில்லை என்று குறை சொல்லக்கூடாது.

கோத்தகிரி கல்:
வடிகால் சார் சொல்வதோடு ஒன்று. மேல்சரிவில் வெட்டுமுகத்துக்கு (பாதைக்காக மலையை வெட்டிய பக்கம்) மேலே தண்ணீர் மறிக்க ஒரு வாய்க்கால் போடுவார்கள். அதை மண்ணிலேயே தோண்டி விட்டுவிட்டால் ஆபத்து. நிற்கிற தண்ணீர் நேராக வெட்டுமுகத்துக்குள் இறங்கி, வாய்க்கால் கோட்டோடு சரிவு பிளக்கும். சிமென்ட் பூச்சாவது கல்பாவலாவது வேண்டும், அதற்கு வழியில்லை என்றால் வாய்க்காலே வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியின் கிழக்குப் பக்கம் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஊறின செம்மண் என்ன செய்யும் என்று தெரியும். உங்கள் பழனிமலைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை.

இருசக்கரம்:
ஏற்றத்தைப் பற்றி. 500 மீட்டரில் 34 மீட்டர் என்றால் சராசரி 6.8 சதவீதம். சைக்கிள் பாதைக்கு 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் நீளத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷ்டோவின் சைக்கிள் பாதைக் கையேடு, 1999 பதிப்பு, தருகிற அளவு: 5–6 சதவீதம் 240 மீட்டர் வரை, 7 சதவீதம் 120 மீட்டர், 8 சதவீதம் 90 மீட்டர், 9 சதவீதம் 60 மீட்டர், 10 சதவீதம் 30 மீட்டர்.

ஆகவே நடுவில் நான்கு இளைப்பாறு தளங்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 2 சதவீதச் சரிவு. அவை எடுத்துக்கொள்ளும் ஏற்றம் வெறும் அரை மீட்டர். மீதி 476 மீட்டரில் 33.5 மீட்டர் ஏறினால் 7 சதவீதம் வருகிறது, ஒரு துண்டு சுமார் 95 மீட்டர். 120-க்குள் அடங்கிவிட்டது. தளத்தைச் சுத்தமாக 0 சதவீதம் வைக்காதீர்கள், தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும்.

சோலைக்குருவி:
ஒரு கொண்டை ஊசி வளைவு போட்டு நீளத்தைக் கூட்டி 5 சதவீதத்துக்குக் கொண்டுவர முடியாதா? 34 மீட்டருக்கு 680 மீட்டர் போதுமே.

இருசக்கரம்:
கணக்கு சரி, நிலம் இடம் தராது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் திரும்பவே ஆரம் 6.6 மீட்டர் வேண்டும். வளைவின் விட்டமும் பாதை அகலமும் சேர்ந்து சுமார் 16 மீட்டர். சரிவு 25 டிகிரி என்று வையுங்கள், அந்த 16 மீட்டர் குறுக்களவில் மட்ட வித்தியாசம் ஏழரை மீட்டர். பாதி வெட்டு, பாதி நிரவல் என்றாலும் இரண்டு பக்கமும் நாலு மீட்டர்ச் சுவர். 180 மீட்டர் நீளத்துக்காக மலையை இவ்வளவு கிழிக்க வேண்டாம்.

ஏரிக்கரை:
அப்படியென்றால் சக்கர நாற்காலி?

வடிகால்:
7 சதவீதத்தில் "எல்லோருக்கும் ஏற்றது" என்று பலகை வைப்பது ஏமாற்று வேலை. 5 சதவீதத்துக்கு மேல் போனாலே அது நடைபாதை இல்லை, சாய்தளம். 1-க்கு 12 என்பது உச்ச வரம்பு. 760 மி.மீ. ஏறினால் ஓர் இளைப்பாறு தளம் என்ற விதிப்படி பார்த்தால் உங்களுக்கு ஒவ்வொரு 11 மீட்டருக்கும் ஒரு தளம் வேண்டும். அது பாதையாக இருக்காது, படிக்கட்டாகிவிடும்.

செய்யக்கூடியது: ஏரி ஓர 600 மீட்டரை முழுமையாகச் சக்கர நாற்காலிக்கு உகந்ததாக்குங்கள். இரண்டு முனையிலும் வண்டி நின்று இறங்க இடம், 2 சதவீதத்துக்கு மிகாத குறுக்குச் சாய்வு, 150 மீட்டருக்கு ஓர் இருக்கை, இருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி நிறுத்த 900-க்கு 1,200 மி.மீ. இடம். ஏற்றப் பகுதியின் இரு தலைப்பிலும் "7 சதவீத ஏற்றம், 500 மீட்டர்" என்று எழுதி வையுங்கள். வருகிறவர் முடிவு செய்துகொள்வார்.

கொடை மேஸ்திரி:
பேவர் பத்தி யாரும் பேசலையே. ஏத்தத்துல பேவர் போட்டா ரெண்டு மழைக்கு மேல நிக்காது. மேல இருந்து கீழ ஒவ்வொரு கல்லா நகந்து, கீழ் முனையில ஒட்டிக்கிட்டு எழும்பும், மேல் முனையில விரல் நுழையுற அளவுக்கு சந்து விழும். போட்டே ஆகணும்னா அடியில இருந்து மேல் நோக்கி பாவணும், ஹெரிங்போன் (மீன்முள்) மாதிரி கோத்து, 25–30 மீட்டருக்கு ஒரு குறுக்கு பீம். எல்லாரும் பீமைப் போட்டுட்டு ஒண்ணை மறந்துடுறாங்க: பீமுக்கு மேல் பக்கம் மணல்ல இறங்குன தண்ணி போக வழி. 50 மி.மீ. பைப் துண்டு, மீட்டருக்கு ஒண்ணு, வாயில ஜியோ துணி (தண்ணியை விட்டு மண்ணைப் பிடிக்கிற துணி) சுத்தி வைக்கணும். இல்லேன்னா பீமுக்கு மேல மணல் சேறாகி, நடக்கும்போது கல்லு சந்துல பீச்சி அடிக்கும். தண்ணியோட மணலும் வெளிய வந்துட்டா அப்புறம் குழி.

நான் சொல்றது, ஏத்தத்துக்கு கான்கிரீட், ஏரி ஓரத்துக்கு பேவர். ஏரி ஓரம் எப்படியும் உக்காரும், உக்காந்த இடத்துல கல்லைப் பிரிச்சு மணல் போட்டு மட்டம் பண்ணிக்கலாம். கான்கிரீட்டு அங்க உடைஞ்சா உடைஞ்சதுதான்.

வடிகால்:
மேஸ்திரி அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். கொடைக்கானல் ஏரியே 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கில அதிகாரி சதுப்பில் ஓடைநீரை மறித்து உண்டாக்கியது. இந்த மலைகளில் ஏரி ஓரம் என்றால் பெரும்பாலும் பழைய சதுப்பு வண்டல்தான். சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறன் அளவு) 2, 3 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தளத்தடி மண்ணை 300 மி.மீ. எடுத்துவிட்டு, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்யாத ஜியோ துணி விரித்து, மேலே 200 மி.மீ. ஜி.எஸ்.பி. (நீர் வடியும் ஜல்லி-மணல் அடுக்கு), அதற்கு மேல் 150 வெட் மிக்ஸ். துணியின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று 500 மி.மீ. ஏறி இருக்க வேண்டும். துணி மேல் லாரி ஓட்டக்கூடாது, ஜல்லியைக் கொட்டித் தள்ளிக்கொண்டே முன்னேற வேண்டும்.

ஏரிக்கரை:
மேஸ்திரி அண்ணே, 100 மீட்டருக்கு எவ்வளவு பொருள் வரும்? எல்லாம் வத்தலக்குண்டு பக்கமிருந்து மலையேற வேண்டும்.

கொடை மேஸ்திரி:
3 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம், 300 சதுர மீட்டர்.

பேவர்: 200-க்கு 100 சைஸ்னா சதுர மீட்டருக்கு 50 கல்லு, 15,000. வளைவுல வெட்டுக்கூலி, உடைசல் 5 சதவீதம், 15,750 வாங்குங்க. 60 மி.மீ. கல்லு ஒண்ணு 2.75 கிலோ வரும், மொத்தம் 43 டன். பத்து டன் லாரின்னா அஞ்சு நடை. மணல் அமுங்கின பிறகு 30 மி.மீ. நிக்கணும்னா 9 கன மீட்டர், உதிரியா 11 எறக்குங்க. வெட் மிக்ஸ் ரெண்டு பக்கமும் 300 மி.மீ. வெளிய போகணும், 3.6 மீட்டர் அகலம், 54 கன மீட்டர், உதிரியா 70. கெர்ப் (பாதை ஓரத் தடுப்புக் கல்லு) 200 மீட்டர், அதுக்கடியிலயும் முதுகுலயும் கான்கிரீட் அணை கொடுக்கணும். கெர்ப் வெறும் மண்ணுல நட்டா ஓரக் கல்லு வெளிய சாயும், அதோட பாவு முழுசும் தளரும்.

கான்கிரீட்: 125 மி.மீ. கனம்னா 37.5 கன மீட்டர். குப்பை வண்டி, ஆம்புலன்ஸ் எப்படியும் ஏறும், சக்கரம் ஓரத்துலதான் போகும். அதனால ரெண்டு ஓரத்தையும் 300 மி.மீ. அகலத்துக்கு 200 கனமா இறக்குங்க. அதுக்கு 4.5 சேத்து 42 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 7 மூட்டை சிமென்ட், 294 மூட்டை. 300-னு வைங்க.

கல்லு வாங்கும்போது பாத்து வாங்குங்க. ரப்பர் மோல்டுல ஊத்துன பளபளா கல்லு வேண்டவே வேண்டாம், பனி விழுந்தாலே வழுக்கும். மெஷின்ல அடிச்ச சொரசொர கல்லுதான்.

வடிகால்:
கல்லின் தரம்: ஐ.எஸ். 15658-ன் 2006 பதிப்பில் நடைக்கு மட்டும் என்றால் எம்30, 50 மி.மீ., இலகு வாகனத்துக்கு எம்35, 60 மி.மீ. உங்களுக்குக் குப்பை வண்டி வருவதால் இரண்டாவது. வரைபடத்தின் 60 சரி.

ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை மறந்துவிடுங்கள். ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 4926. காட் ரோட்டில் ஒரு பஸ் நின்றாலே அந்த நேரம் போய்விடும். தளத்திலேயே ஹாப்பர் மிக்சர்தான்.

இருசக்கரம்:
கான்கிரீட்டில் இணைப்பு பற்றி ஒரு வார்த்தை. 3 மீட்டருக்கு ஓர் இணைப்பு, அறுத்து எடுத்த இணைப்பாக இருக்கட்டும். 3-க்கு 3 சதுரமாக வரும், அதுவே வெடிப்புக்கும் நல்லது. ஆழம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, 40 மி.மீ. கரண்டியால் இழுத்த உருண்டை விளிம்பு இணைப்பு போட்டால் சைக்கிளில் மூன்று மீட்டருக்கு ஒரு தட்டு, 500 மீட்டரும் தட்டு. அறுப்பதை மறுநாள் காலைக்கு என்று ஒத்திப்போட்டால் கான்கிரீட் தானே தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொள்ளும். பிளேடு விளிம்பைப் பெயர்க்காத அளவு இறுகியதும் அறுத்துவிட வேண்டும். மலைக் குளிரில் இறுக நேரம் ஆகும், ஆகவே ராத்திரி விளக்கோடு ஆள் இருக்கட்டும்.

மேற்பரப்பு: போக்குவரத்துக்குக் குறுக்காக விளக்குமாறு கோடு, ஒன்றரை முதல் 2 மி.மீ. ஆழம். பவர் டிராவல் (மோட்டார் தேய்ப்பான்) போட்டு வழவழப்பாக்கக் கூடாது.

கொடை மேஸ்திரி:
குளிர் காலத்துல ஒண்ணு. டிசம்பர், ஜனவரியில ஏரி ஓரப் புல்லுல உறைபனி விழுது. ராத்திரி 5 டிகிரிக்குக் கீழ போனா சிமென்ட் தூங்கிடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஊத்தக்கூடாது. ஈரக் கோணி, அதுக்கு மேல தார்ப்பாய். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்கு பத்து நாள் நனைக்கணும்னு ஐ.எஸ். விதி சொல்லுது, இங்க 14 நாள் நனைங்க.

வேலைக்கு நல்ல நேரம் பிப்ரவரி, மார்ச். ஏப்ரல், மே வந்தா சீசன் கூட்டம், லாரி ஏற விடமாட்டாங்க. அதுல மண்வேலை முன்னாடியே முடிஞ்சிருக்கணும். செம்மண்ணை ஈரமா ரோலர் போட்டு அமுக்கினா ரப்பர் மெத்தை மாதிரி மேலயும் கீழயும் ஆடும். அப்படி ஆடுனா அன்னிக்கு வேலையை நிறுத்திட்டுக் காய விடறதைத் தவிர வேற வழி இல்ல.

கோத்தகிரி கல்:
குறுக்குச் சாய்வு எந்தப் பக்கம்? இதில்தான் எனக்கும் பலருக்கும் சண்டை. என் கட்சி: பள்ளத்துப் பக்கம் சாய்க்க வேண்டும். தண்ணீர் பரந்து மெல்லியதாக இறங்கிவிடும். மலைப் பக்கம் சாய்த்து வாய்க்காலில் சேர்த்தால், வாய்க்கால் அடைத்த அன்றைக்கு மொத்தத் தண்ணீரும் ஒரே இடத்தில் பாதையைக் கடந்து, நிரவிய மண்ணை அறுத்துக்கொண்டு போகும்.

வடிகால்:
ஏரி ஓர 600 மீட்டருக்கு உங்கள் கட்சிதான் சரி. ஏரிப் பக்கம் 2 சதவீதம், 3 மீட்டருக்கு 60 மி.மீ., அதன் பிறகு குறைந்தது 1.5 மீட்டர் புல்பட்டை. பாதையின் தண்ணீர் நேராக ஏரியில் விழாமல் புல்லில் வடிகட்டி இறங்கட்டும். சவாரிக் குதிரைகளின் சாணமும் அந்தத் தண்ணீரோடுதான் வரப்போகிறது. கெர்ப் அங்கே பாதை மட்டத்துக்குச் சமமாகப் புதைந்திருக்க வேண்டும். 100 மி.மீ. மேலே நீட்டி வைத்தால் அதுவே அணை.

ஏற்றத்தில் ஏற்க மாட்டேன். அங்கே வெட்டுமுகத்தின் ஊற்றுநீருக்கு எப்படியும் ஒரு வாய்க்கால் வேண்டும். வாய்க்கால் இருக்கும்போது பாதை நீரை நிரவல் மண் பக்கம் தள்ளுவானேன்? ஈரத்தில் சைக்கிள் வழுக்கினாலும் மலைப் பக்கம் விழட்டும். உங்கள் பயம் நியாயமானது. அதற்குப் பதில்: 30–40 மீட்டருக்கு ஒரு குறுக்குக் குழாய், ஒன்று அடைத்தாலும் அடுத்தது வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று. 7 சதவீதத்தில் வழவழப்பான யூ வடிவ வாய்க்காலில் தண்ணீர் விநாடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் ஓடும். வெளிவாயில் கல் அடுக்காமல் விட்டால் முதல் பருவத்திலேயே குழி பறிக்கும். வாய்க்கால் அடியில் 5 மீட்டருக்கு ஒரு 150 மி.மீ. படி, குழாய் வெளிவாயில் 2 மீட்டர் நீளத்துக்குக் கல்பாவல்.

கோத்தகிரி கல்:
சரி, 30 மீட்டர் என்றால் ஒத்துக்கொள்கிறேன். 40 வேண்டாம்.

தாங்கு சுவருக்கு: 1.5 மீட்டர் உயரம் வரை வறட்டுக் கல் அடுக்கே போதும், அடி அகலம் உயரத்தில் 0.6, முகம் 4-க்கு 1 உள்சாய்வு. தண்ணீர் தானாக வெளியேறும். அதற்கு மேல் கம்பிவலைப் பெட்டிச் சுவர். சிமென்ட் வைத்துக் கட்டினால் 75–100 மி.மீ. கசிவுத் துளை, 1.5 மீட்டருக்கு ஒன்று, அடுத்தடுத்த வரிசையில் மாற்றி மாற்றி. சுவருக்குப் பின்னால் 300 மி.மீ. ஜல்லியும் துணியும். துளையை மட்டும் வைத்துவிட்டு ஜல்லி போடாமல் செம்மண்ணையே அடைத்த சுவர்கள் மலை முழுக்க நிற்கின்றன. துளை வாயில் பாசிகூட இருக்காது, அவ்வளவு காய்ந்து கிடக்கும்.

இருசக்கரம்:
இறக்கத்தில் வேகத்தை யோசித்தீர்களா? வாடகை சைக்கிள், இருவர் மிதிக்கும் சைக்கிள், பிரேக் தேய்ந்த சைக்கிள் எல்லாம் வரும். 7 சதவீத இறக்கத்தில் மணிக்கு 30 கி.மீ. சாதாரணம். ஈர உராய்வு 0.25 என்று எடுத்தால் நிற்கத் தேவையான தூரம் 41 மீட்டர்.

வடிகால்:
0.25 தாராளமாகத் தெரிகிறது. பாசியும் பைன் ஊசியும் உள்ள இடம். 0.16 போட்டுப் பாருங்கள்.

இருசக்கரம்:
0.16-க்கு 61 மீட்டர். 20 கி.மீ.-க்கு 32 மீட்டர். அப்படியானால் வளைவின் உள்பக்கப் புதரையும் மண்திட்டையும் அகற்றி 61 மீட்டர் பார்வை கிடைக்கச் செய்ய வேண்டும், முடியாத இடத்தில் வேகத்தை 20-க்கு இறக்க வேண்டும். வேகத்தடை மேடு கூடாது, ஈரத்தில் அதன்மேல் பிரேக் பிடித்தால் ஆள் காலி. இளைப்பாறு தளத்தைச் சற்று வளைத்து, அதில் மட்டும் கோடு ஆழமான கான்கிரீட். ஏற்றப் பகுதியில் அகலத்தை 3.6 ஆக்கி, நடப்பவர்களுக்கு மலைப் பக்கம் 1.5 மீட்டரைக் கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் நடைபாதை 1872-லிருந்து சரிவு விளிம்பில் நிற்கிறது என்று உதாரணம் காட்டுவார்கள். அது நடைக்கு மட்டும், சைக்கிள் கிடையாது. அந்த அகலத்தை இங்கே கொண்டுவரக்கூடாது.

கைப்பிடி பள்ளத்துப் பக்கம் 1.2 மீட்டர் உயரம், கம்பி இடைவெளி 100 மி.மீ.-க்குள், குழந்தை தலை நுழையாத அளவு. பாதை விளிம்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே அரை மீட்டராவது விடுங்கள், ஹேண்டில்பார் உரசும். வாய்க்கால் மேல் இரும்புச் சட்டம் வந்தால் சந்துகள் பாதைக்குக் குறுக்காக ஓட வேண்டும். நீளவாக்கில் வைத்தால் டயர் உள்ளே போகும்.

சோலைக்குருவி:
கைப்பிடியை 500 மீட்டருக்கும் தொடர்ச்சியாகப் போடாதீர்கள். காட்டுமாடு ஊருக்குள் நடமாடுகிற மலை இது. ஏரிக்கும் சரிவுக்கும் போகிற அதன் தடத்தை மறித்தால் பாதையிலேயே மாட்டிக்கொள்ளும், அந்த நேரம் ஆள் எதிரே வந்தால் வம்பு. தடம் குறுக்கிடும் இடத்தில் 4–5 மீட்டர் திறப்பு, அங்கே சரிவைத் தணித்து விடுங்கள். கூர்முனை கம்பி எங்கும் வேண்டாம்.

மரப் பகுதிக்கு: வேரை வெட்டிப் பள்ளம் தோண்டினால் பைன் சாயும், யூகலிப்டஸ் வேர் மறுபடி வந்து தளத்தைத் தூக்கும். அந்த 300 மீட்டரில் மண்ணைத் தோண்டாமல், துணி விரித்து 150 மி.மீ. ஒரே அளவு ஜல்லியை மேலே அடுக்கி, அதன்மேல் பேவர். காற்றும் நீரும் வேருக்கு இறங்கும். மரம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், நட்டு வளர்த்த மரமே ஆனாலும். அதற்கு ஆகும் மாதங்களைப் பார்த்தால் பாதையை வளைத்துவிடுவதே சிக்கனம்.

ஓரத்தில் கிகுயு புல் வைக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் பேவர் சந்துக்குள் நுழைந்து ஒரு சாண் அகலத்தைத் தின்றுவிடும்.

ஏரிக்கரை:
தண்ணீரை அப்படியே உறிஞ்சும் நுண்துளைக் கான்கிரீட் போடலாமே என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது.

வடிகால்:
வேண்டாம். ஊசியும் வண்டலும் துளையை அடைத்துவிடும், அதைக் கழுவி உறிஞ்சும் இயந்திரம் உங்களிடம் இல்லை. அடியில் களிமண் வேறு.

கொடை மேஸ்திரி:
கார், ஆட்டோ உள்ள வராம இருக்க என்ன பண்ணப் போறீங்க? அதை விட்டுட்டு மத்த எல்லாம் பேசுறோம்.

இருசக்கரம்:
நடுவில் ஒரே ஒரு தூண், இரண்டு பக்கமும் 1.5 மீட்டர் திறப்பு என்பது வழக்கமான அளவு. பெரும்பாலான கார் நுழையாது. ஆனால் ஆட்டோ அகலம் 1.3 மீட்டர், தாராளமாக நுழையும். 1.2-க்குக் குறைத்தால் ஆட்டோவும் நிற்கும், சக்கர நாற்காலிக்கு 900 போதும் என்பதால் பாதிப்பில்லை. மோட்டார் சைக்கிளைத் தடுத்து சைக்கிளை விடுகிற தூண் உலகத்தில் கிடையாது, அதற்குக் காவலர்தான். தூண் 1 மீட்டர் உயரம், ஒளிரும் பட்டை, முன்னும் பின்னும் தரையில் வெள்ளை வைரக் கட்டம். மூடுபனியில் சாம்பல் நிறத் தூண் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. நடுத்தூண் பூட்டுப் போட்டுக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். சாவி எந்த அலுவலகத்தில் என்பதைத் தூணிலேயே எழுதுங்கள்.

சோலைக்குருவி:
குதிரை?

கொடை மேஸ்திரி:
பேவர் மேல குதிரை விடவே கூடாது. லாடம் கல்லு விளிம்பை சில்லு சில்லா பேத்துடும், சாணியில சைக்கிள் வழுக்கும். ரோட்டுப் பக்கமா 2 மீட்டர் தனிப் பட்டை, கல்தூள் 100 மி.மீ. அமுக்கி விட்டா போதும்.

ஏரிக்கரை:
இதுவரை வந்ததை வைத்து மூன்று பகுதிக்கும் மூன்று தனிக் குறுக்குவெட்டுப் படம் போடுகிறேன். மட்ட அளவு 20 மீட்டருக்கு ஒன்று என்று எடுத்திருக்கிறார்கள், போதுமா?

வடிகால்:
ஏரி ஓரத்துக்குப் போதும். ஏற்றத்தில் 10 மீட்டருக்கு ஒன்று, வளைவிலும் மடிப்பிலும் 5 மீட்டருக்கு ஒன்று. குறுக்கு அளவு மையத்திலிருந்து மலைப் பக்கம் 10 மீட்டர், பள்ளத்துப் பக்கம் 15 மீட்டர் வரை போகட்டும். குழாய் வெளிவாய் எங்கே விழுகிறது என்று அப்போதுதான் தெரியும், அதற்குக் கீழே யாருடைய வீடு இருக்கிறது என்பதும்.

கொடை மேஸ்திரி:
அப்படியே மழை பெய்யிற அன்னிக்கு ஒருதடவை போய் சுண்ணாம்புல தண்ணி கடக்கிற இடத்துக்கெல்லாம் குறி வைங்க தம்பி. மூணு மடிப்புன்னு சொன்னீங்க, ஆறாச்சும் இருக்கும்.